'முழுவல' என்றவளைக் 'குளிக்காதவள்' என்று பதிந்த இயந்திரம்: அந்த வரியை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோ. சுப்பராயலு,
நாளிதழ் செய்தியாளர்,
செம்மண்டலம், கடலூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: தென்மாங்கரை அரசு மருத்துவமனையின் 'நலச்செவி' இயந்திரம் என் தங்கை மகள் கயல்விழியின் மருத்துவப் பதிவில் ஏற்றியுள்ள பொய்யான வரியை 06.10.2025-க்குள் நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது இணையவழி மனு, நாள் 15.09.2025. 2. அதற்கு நான்கே நிமிடத்தில் வந்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கயல்விழிக்கு வயது இருபத்தேழு. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். திருமணமாகி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகக் கருவுற்றிருந்தாள். 09.09.2025 செவ்வாய்க்கிழமை காலை வயிற்றுவலி வந்து, 9.40 மணிக்குத் தனியாக மேற்படி மருத்துவமனைக்குச் சென்றாள். லாரி ஓட்டுநரான அவள் கணவர் சிலம்பரசன் அன்று வெளியூரில் இருந்தார்.

2. அந்த மருத்துவமனை வாசலில் முன்பு ஒரு செவிலியர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஜூன் மாதம் முதல் அங்கே இயந்திரம் நிற்கிறது. நோயாளி அதனிடம் தன் உபாதையைச் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு அதைக் கேட்டு, எந்தப் பிரிவு, அவசரமா இல்லையா என்று தீர்மானித்துச் சீட்டு தரும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒலிபெருக்கியில் வாசித்தும் காட்டும். திறப்பு விழாவில் கொடுத்த செய்திக் குறிப்பை வரி மாற்றாமல் என் பெயரில் செய்தியாக அனுப்பியவன் நான். அந்த இயந்திரத்திடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை. அது என் தவறு.

3. கயல்விழி அதனிடம் சொன்னது பின்வருமாறு. ஒலிப்பதிவை 18.09.2025 அன்று மருத்துவமனையில் கேட்டு, நானே எழுதிக்கொண்டேன்:

"ரெண்டு மாசமா முழுவல. அடிவயிறு ஒரு பக்கமா குத்துது. கெறக்கமா வருது."

4. தாங்கள் வேறு பகுதியைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதால் இதை விளக்குகிறேன். மாதவிலக்கு முடிந்ததும் பெண்கள் தலை முழுகுவார்கள். விலக்கு தள்ளிப்போனால் அந்த முழுக்கு இல்லை. ஆகவே 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். எங்கள் பக்கத்தில் அது 'முழுவல' என்று ஒலிக்கும். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒரு பெண் தன் கர்ப்பத்தைக் கூச்சமின்றிச் சொல்வதற்கு இருக்கும் சொல் இது.

5. இயந்திரம் தந்த சீட்டில் உள்ளது (இணைப்பு 1): "நோயாளி இரண்டு மாதங்களாகக் குளிக்கவில்லை. உடல் சுத்தம் பேணாதவர். தோல் பிரிவு. அவசரம் இல்லை. தினமும் இருமுறை சோப்பு போட்டுக் குளிக்கவும்." கிறக்கம் என்ற சொல் சீட்டில் எங்கும் இல்லை.

6. இதை ஒலிபெருக்கி வாசித்தபோது வரிசையில் சுமார் நாற்பது பேர் நின்றார்கள். "ஏம்மா, ஒங்க ஊர்ல போர்ல தண்ணி வரலியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லு தாயி, கொழந்த வச்சிருக்கேன்" என்றிருக்கிறார் ஒரு பெண். தவறென்று ஏன் சொல்லவில்லை என்று பிறகு கயல்விழியைக் கேட்டேன். "யாருகிட்ட மாமா சொல்றது? அது மிஷினு. வாயத் தொறந்தா இன்னும் சிரிப்பாங்கன்னு பேசாம போயி குந்திட்டேன்" என்றாள்.

7. தோல் பிரிவு வாசலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். 11.35-க்குச் சரிந்து விழுந்தாள். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒப்பந்தப் பணியாளர் அமிர்தம் அவள் கையிலிருந்த சீட்டைப் பார்க்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. முகத்தில் தண்ணீர் தெளித்து என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். கயல்விழி அதே சொல்லைத்தான் அவரிடமும் சொன்னாள். "அய்யய்யோ, முழுவாத பொண்ண எவன்டா இங்க கொண்டாந்து குந்த வச்சது!" என்று கத்திக்கொண்டே அவர் பிரசவ வார்டுக்கு ஓடினார்.

8. கரு கருப்பையில் இல்லை. வலது கருக்குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. 108 வாகனத்தில் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசென்று அறுவை சிகிச்சை செய்தார்கள். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். கருவும் வலது குழாயும் போயின.

9. மருத்துவமனை நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டேன். இயந்திரம் நோயாளி சொன்னதையே பதிந்திருக்கிறது என்றும், நோயாளி "சரியான தமிழில்" பேசியிருக்க வேண்டும் என்றும் எழுத்துமூலம் தந்தார்கள் (இணைப்பு 2). வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தவளின் தமிழுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். என் இணையவழி மனுவுக்கு வந்த பதில் இதைவிட மேல் (இணைப்பு 3): "மருத்துவமனையில் குளியல் வசதி குறித்த தங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது. தீர்வு காணப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது." அந்த மனுவையும் ஓர் இயந்திரமே படித்திருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகளாக அலுவலகப் பதில்களைப் படித்து வருகிறேன். இப்படியொன்றைப் படித்ததில்லை.

10. இனி, இம்மனுவின் காரணத்துக்கு வருகிறேன். 22.09.2025 அன்று கயல்விழி மறுபரிசோதனைக்காகத் தென்மாங்கரை மருத்துவமனைக்கே சென்றாள். அவள் எண்ணைத் தட்டியதும் திரையில் முதலில் வந்தது "உடல் சுத்தம் பேணாதவர்" என்ற வரிதான். பதிவு எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "குளிச்சிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். அவள் யாரிடமும் காட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பதிவு எல்லா அரசு மருத்துவமனைகளிலும் திறக்கும். அதைத் திருத்த மருத்துவமனைக்கு அதிகாரமில்லை, மேலிடத்து ஆணை வேண்டும் என்கிறார்கள் அங்கே.

11. ஒரு முறை இப்படி நேர்ந்தவருக்கு மறுமுறையும் நேரக்கூடும். அடுத்து விலக்கு தள்ளிப்போனால் அந்த வாரமே ஓடி வர வேண்டும் என்று அறுவை செய்த மருத்துவர் எச்சரித்திருக்கிறார். கயல்விழியின் பதில்: "செத்தாலும் ஊட்டுலயே சாவறேன் மாமா. அந்த வாசப்படி ஏற மாட்டேன்." தனியார் மருத்துவமனைக்குப் போகும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

12. ஆகவே கோருவன: அந்த வரியை அடியோடு நீக்கி, நீக்கியதற்கு ஓர் அதிகாரி கையொப்பமிட்ட சான்று தர வேண்டும். வாசலில் மீண்டும் ஒரு செவிலியரை அமர்த்த வேண்டும். அதுவரை அந்த ஒலிபெருக்கியையாவது நிறுத்த வேண்டும். இம்மனுவை ஒரு மனிதர் படிக்க வேண்டும்; அவர் இம்மாவட்டத்தில் பிறந்த பெண்ணாக இருந்தால் நல்லது.

13. அவளுக்கு அடுத்த பரிசோதனை நாள் 06.10.2025, திங்கள், காலை 9 மணி. கையொப்பமிட்ட அந்தத் தாளைத் தன் கண்ணால் பார்த்தால் வருவதாக இறங்கி வந்திருக்கிறாள். இன்றிலிருந்து ஏழு நாள் இருக்கிறது. அந்தத் தாளைத் தாருங்கள் ஐயா. அவளை அழைத்துக்கொண்டு போவது என் பொறுப்பு.

இடம்: கடலூர்
நாள்: 29.09.2025

இவண்,
(ஒப்பம்)
கோ. சுப்பராயலு

இணைப்பு: 1. இயந்திரச் சீட்டின் நகல். 2. மருத்துவமனை விளக்கக் கடிதம். 3. இணையவழிப் பதில். 4. கயல்விழியின் ஒப்புதல் கடிதம், அவர் கையெழுத்தில்.