எதிர்க் கட்டில்காரரின் ரிப்போர்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் நீங்கள் போன் செய்தபோது அப்படிப் பேசிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு நலம் விசாரிப்பது? ஆனாலும் கேட்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் தம்பி வீட்டில் மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று முன்பு சொன்னீர்கள். கீழ் அறையைக் கொடுத்துவிட்டார்களா?

இங்கே இவர் இருக்கிறார். ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம், அதனால் இருக்கிறார் என்று மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் செரிமானத்துக்கு மாத்திரை, காலையில் இன்சுலின் ஊசி. டிரைவிங் ஸ்கூலுக்குப் பாதி நாள் போகிறார். புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவது தனக்குப் பழகின வேலைதானே என்று அவரே ஜோக் அடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அன்றைக்கு நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுவேன், இல்லையென்றால் மறுபடியும் சண்டை போடுவேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு சாருக்கும் இவருக்கும் கணையத்தில் ஒரே புற்றுநோய். ஒரே நாள் ஆபரேஷன், ஒரே சர்ஜன். காலையில் சார், மத்தியானம் இவர். வெட்டி எடுத்த இரண்டு துண்டுகளும் ஒரே வண்டியில் லேபுக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். எதிரெதிர்க் கட்டிலில் இரண்டு பேரும் குழாயும் பையுமாகக் கிடந்தார்கள். பிறகு அந்த இளம் டாக்டர் நம்மைத் தனித்தனியாகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கட்டி எவ்வளவு பெரியது, வெட்டிய ஓரம் சுத்தமா, எத்தனை நெறிக்கட்டிகளில் நோய் ஏறியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தட்டினார். சாருக்கு ஓரம் சுத்தம், நெறிக்கட்டி சுத்தம், இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர்வரை ஐந்து வருஷம் தாண்டுவார்கள் என்று சொன்னதாக நீங்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு அவர் சொன்னது, நூற்றில் பத்துப் பேர்கூடத் தேறுவது கஷ்டம் என்று. அதை நான் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

சார் கணக்கு வாத்தியார் ஆயிற்றே. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். இவரைப் பார்த்து, “அது நூறு பேருக்குப் போட்ட கணக்கு தம்பி, உங்க ஒருத்தருக்குன்னு யாரும் போடல” என்றார். நல்ல ரிப்போர்ட் வைத்திருக்கிறவர் பேசுவது சுலபம் என்று அப்போது எனக்குள் ஒரு பொருமல்.

இரண்டு வருஷம் முடிவதற்குள் சாருக்குக் கல்லீரலில் வந்துவிட்டது. காரியத்தன்று நாங்கள் உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது நீங்கள் இவரை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை அப்படியே என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இவர் எப்படி இன்னும் நிற்கிறார் என்று கேட்டது போல இருந்தது.

இப்போது இவருக்கு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொன்னார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற அம்மா ஒருவர் பேசினார். இவ்வளவு நாள் தாண்டினவர்களின் துண்டைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது வழக்கமாம். சில பேருக்கு அது அவ்வளவு பொல்லாத வகையே இல்லை என்று தெரியவருமாம். இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்போது எதற்கு? துருவிக் கேட்டதில் அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு இரண்டு பேருடையதும் மாறிப்போயிருக்குமோ, பாருங்கள் என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறாராம். யார் என்று கேட்டால் சொல்லக்கூடாதாம்.

அக்கா, வேறு யாரை நினைப்பேன்?

அந்த வாரமே உங்கள் போன் வந்தது. மூன்று வருஷமாக இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத நீங்கள், “தம்பி எப்படி இருக்காரு, செக்கப்புக்கெல்லாம் கூப்பிடுறாங்களா?” என்று கேட்டீர்கள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. “இன்னும் இருக்காரு, உங்களுக்கு ஏமாத்தமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு அழைப்பையும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில் நான் நானாக இல்லை. மாறித்தான் போயிருக்கட்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தேன். அப்படியென்றால் நல்ல ரிப்போர்ட் இவருடையது, இனி நிம்மதியாகத் தூங்கலாம். அப்படியானால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்த பிறகும் அந்த ஆசை போகவில்லை.

இவர் ரத்தத்தை எடுத்து அந்தத் துண்டோடு ஒப்பிட்டார்கள். போன வாரம் முடிவு சொன்னார்கள். துண்டு இவருடையதுதான். அதே பொல்லாத வகைதான். நெறிக்கட்டியில் ஏறியிருந்ததும் நிஜம்தான். பின்னே எப்படிப் பிழைத்தார் என்று கேட்டேன். “தெரியலம்மா. தெரிஞ்சா அடுத்தவங்களையும் காப்பாத்தியிருப்போமே” என்றார் அந்த அம்மா.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். இவர் சாவியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “எழுதிக் கேட்டது நான்தான். சார் போனதுலேருந்து அவரோட ரிப்போர்ட்டுல நான் உயிரோட இருக்கேனோன்னு ஒரு உறுத்தல்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் நான் சர்ஜனில் ஆரம்பித்து வாட்ச்மேன் வரை ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்படுவேன் என்றார். உங்களை விட்டுவிட்டார், பாருங்கள். உங்களைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நீங்கள் போன் செய்த தேதி உறைத்தது. அது சார் போன தேதி. அன்றைக்கு அவரைத் தெரிந்த ஒருத்தியோடு பேச வேண்டும் போல இருந்திருக்கும். நான் என்ன பேசினேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களிடம் சொல்வார்களோ மாட்டார்களோ, நானே சொல்லிவிடுகிறேன். இவருடையது மாறவில்லை என்றால் சாருடையதும் மாறவில்லை. அந்த நல்ல ரிப்போர்ட் சாருடையதேதான். யாரும் தவறு செய்யவில்லை, யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இது உங்களுக்கு ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. யார் மேலாவது பழி போட முடிந்திருந்தால் மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் புத்தி மட்டும் மாறவில்லை. ரத்தக் குப்பியை மாற்றி வைத்திருந்தால் என்று நேற்று தோன்றியது. சொன்னால் இவர் தலையில் அடித்துக்கொள்வார். அடுத்த ஸ்கேன் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த வராந்தாவில் உட்காரும்போது பக்கத்து நாற்காலியில் நீங்கள் இல்லாதது எனக்குத் தெரிகிறது.

நீங்கள் என்னைத் திட்ட வேண்டும். எழுத்தில் வேண்டாம், நேரில் திட்டுங்கள். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டு வருவதாகச் சொல்கிறார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் உங்கள் வாசலில் வந்து இறங்குவதைப் பார்க்க உங்களால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நான் மட்டும் பஸ் ஏறி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை