காயம் இடுப்பு வரைக்கும் இல்லை

இருக்கன்குடி மாரியம்மன் துணை

ஏழாயிரம்பண்ணை,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் உனக்குக் காய்ச்சல் தலைவலி எதுவும் வராமல் இருக்க ஆத்தாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் பொய்யில் தொடங்க மனசு வரவில்லை. அப்பாவுக்கு இளைப்பு குறையவில்லை, சாத்தூர் டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதி குடித்துவிட்டு மீதியை மறைத்து வைக்கிறார், கேட்டால் என் மேலேயே பாய்கிறார். தம்பி செல்வக்குமாருக்கு சிவகாசியில் வேலை போய்க்கொண்டிருக்கிறது. மழை எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளி சீசன் என்பதால் பட்டாசுக் கம்பெனி வேன் விடியும் முன்னே வந்து நிற்கிறது, எனக்கு முதுகு நிமிர்த்தவே நேரம் இல்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை இசை, நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாற்பது வார்த்தை சொல்லி உனக்கு இதெல்லாம் புரியாதும்மா என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தம்பி இதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்றான், வேண்டாம், போட்டோ எடுத்தது போதும், தபாலிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன புதன்கிழமை பேசியபோது நம் தெரு பானுப்பிரியா சித்தியிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தரச் சொன்னாய். நீ எடுத்த படங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடப் போகிறார்கள், அட்டையில் சித்தியின் படம்தான் வரப் போகிறது, அதற்கு அவள் சம்மதம் என்று ஒரு காகிதம் வேண்டும், சும்மா ஒரு பேருக்குத்தான்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் சிரிப்பைக் கேட்டு எனக்கு எரிந்த எரிச்சல் உனக்குத் தெரியாது. இங்கே நடந்தது எதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை, தனியாக இருக்கிற பிள்ளை, மனசு கஷ்டப்படும் என்று மூடி வைத்திருந்தேன். மூடி வைத்தது என் தப்பாகவே இருக்கட்டும், இப்போது கேள்.

உனக்குப் பரிசு கிடைத்தது என்று பேப்பரில் வந்ததை அப்பா கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். அதில் உன் முகம்தான் இருந்தது, நீ எடுத்த படம் இல்லை. நம் தெருப் பெண் ஒருத்தியைத்தான் எடுத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். என்ன படம் என்று அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. ஆடி கழிந்ததும் பேக்கிங் ஷெட்டில் பூச்சட்டிப் பெட்டிக்குப் புது லேபிள் வந்தது. சில்வர் ராணி என்று பெயர். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தோம். லேபிளில் இருக்கிற பொம்பளையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, காலம் காலமாக அப்படித்தான், எவளோ பம்பாய்க்காரி, அரைகுறைத் துணியோடு நிற்கிறாள், நமக்கென்ன என்று ஒட்டிக்கொண்டே போவோம். பானு எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவளே ஒரு கட்டு ஒட்டி முடித்துவிட்டாள். அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவள் குனிந்து பார்த்து, "ஏய், இது நம்ம கோழில்ல" என்று கத்தினாள்.

பானு தோளில் இருக்கும் பச்சை உனக்கு நினைவிருக்கும். இருக்கன்குடி திருவிழாவில் மயில் குத்தச் சொன்னாள், குத்தியவன் கோழி மாதிரி குத்திவிட்டான், அன்றிலிருந்து வேனில் அவளுக்குப் பெயரே கோழிக்காரிதான். லேபிளில் அந்தக் கோழி அச்சு அசலாக இருந்தது. திரும்பி நிற்கிற முதுகு, இடுப்புக்குக் கீழே நழுவுகிற சேலை, அவிழ்த்து விட்ட முடி, உடம்பெல்லாம் கம்பெனி அலுமினியப் பொடியின் வெள்ளி. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பானுவும் சிரித்தாள், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை, வேறு யாரோ என்று நினைத்துச் சிரித்துவிட்டு லேபிளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் வீட்டுக்காரன் காளீஸ்வரன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். அன்று சாயங்காலமே அந்தப் பெட்டிகளை அவன்தான் தோளில் தூக்கினான். கூட இருந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தவன் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, லேபிள் ஒன்றைச் சோற்றுத் தட்டில் வைத்துவிட்டு மகள் அழகுமீனாவைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை ஒன்பதாவது படிக்கிறது, ஒரே ஒரு தடவை போன் பண்ணி, "நீ ஏம்மா அப்படி நின்ன" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டதாம். கம்பெனியில் போர்மேன், சீசன் முடியட்டும், அதுவரைக்கும் வீட்டில் இரு, வேலை கெடுகிறது என்று சொல்லிவிட்டார். வேலை யாரால் கெட்டது என்று அவரிடம் கேட்க ஆள் இல்லை.

தம்பி கோபத்தில் லேபிள் அடித்த அய்யாதுரை பிரஸ்ஸுக்கே போனான். அவர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். "ஏலே, நெட்டுல கெடந்துச்சு, டிசைன் பண்ற பையன் எடுத்துட்டான். நான் என்ன அந்தப் பொம்பளையத் தேடிப் போயா எடுத்தேன்? எடுத்தது உங்க அக்கா. அங்கன செவத்துல மாட்டுனா கலைங்கிறீக, நான் டப்பாவுல ஒட்டுனா மட்டும் அசிங்கமாலே?" என்று கேட்டாராம். தம்பி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான். அவர் கேட்டதை நான் உன்னிடம் கேட்கிறேன் இசை. படித்தவள் நீ, நீ சொல். உன் படத்துக்கும் அந்த லேபிளுக்கும் நான் கண்ட வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் பானு முதுகில் இருந்த தீக்காயத்தை அழித்துவிட்டார்கள், வெடிப் பெட்டியில் வெந்த உடம்பைக் காட்டினால் வியாபாரம் ஆகாது. நீ காயத்தை அழிக்காமல் இன்னும் பளபளவென்று ஆக்கியிருக்கிறாய். தம்பி செல்லில் உன் படத்தைக் காட்டியபோது அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. அழகாக இருந்ததால்தான் அதிகமாக வலித்தது.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். உடம்பு அசிங்கம் இல்லை, கோயில் தூணில் இல்லாததா, ஆம்பளை பார்க்கிற பார்வை வேறு என் பார்வை வேறு, ஆசையும் அழகும் உழைக்கிற பொம்பளைக்கும் உண்டு, அதை ஏன் காட்டக் கூடாது. இதையெல்லாம் நீ அந்த ஊர்ப் பத்திரிகையில் சொல்லியிருப்பதைத் தம்பி தமிழில் படித்துக் காட்டினான். நல்லாத்தான் பேசியிருக்கிறாய். ஆனால் உடம்பு அசிங்கம் என்று உன்னிடம் நான் எப்போதாவது சொன்னேனா? கம்பெனித் தொட்டியடியில் பொடி போக நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் குளிக்கிறோம், ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிடுகிறோம், யாருக்கு எங்கே மச்சம் எங்கே தழும்பு என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கூச்சம் கிடையாது. அங்கே எங்களைப் பார்க்கிறவளும் குளிக்கிறாள், அவ்வளவுதான். உன் கண்காட்சியில் பார்க்க வந்தவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டல்லவா நின்றார்கள், தம்பி காட்டினான்.

சம்மதத்தோடுதானே எடுத்தேன், சித்தியே சரி என்று தலையாட்டினாள் என்றாய். தலையாட்டியது உண்மைதான், அவளே சொல்கிறாள். எதற்குத் தலையாட்டினாள் என்று நீ கேட்டாயா? கம்பெனியில் பானுவின் முதுகு வெந்த அந்த வெடி விபத்து நடந்த நாளிலிருந்து இங்கே கேமராவோடு யார் வந்தாலும் நாங்கள் சேலையை விலக்கிக் காயத்தைத்தான் காட்டுகிறோம். தாலுகா ஆபீஸ்காரர் வந்தார், வக்கீல் வந்தார், கட்சிக்காரர்கள் வந்தார்கள், நிவாரண மனுவோடு வைக்கப் போட்டோ வேண்டும், இன்னும் கொஞ்சம் திரும்பு, இன்னும் கொஞ்சம் விலக்கு என்பார்கள். பானுவின் பெயர் கம்பெனிப் பதிவில் இல்லை என்று சொல்லி நிவாரணம் கிடைக்கவில்லை, அது உனக்கும் தெரியும். நீ கேமராவோடு வந்து சித்தி உங்க முதுகை ஒரு போட்டோ எடுத்துக்கிடவா என்று கேட்டபோது, நம்ம இசை மனுவுக்கு எடுக்கிறது, வெளிநாட்டில் பெரிய இடத்தில் கொடுக்கும் என்று நினைத்திருக்கிறாள். "குளிக்காதீக சித்தி, பொடியோடவே நில்லுங்க, வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொல்லுச்சு. வெளிச்சம் நல்லா இருந்தா காயம் நல்லாத் தெரியும்போலன்னு நெனச்சேன்க்கா" என்று என்னிடம் சொன்னாள். முடியை அவிழ்க்கச் சொன்னபோதுகூட அவளுக்குத் தோன்றவில்லையாம். "சேலைய இடுப்பு வரைக்கும் எறக்கச் சொல்லுச்சு. காயம் இடுப்பு வரைக்கும் இல்லையேன்னு கேக்க வந்தேன். படிச்ச புள்ள, காரணம் இல்லாமலா சொல்லும்னு விட்டுட்டேன்" என்றாள். நான் அப்போது உள்ளே குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன், கொல்லையில் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது, சந்தோஷப்பட்டேன்.

நீ திரும்பிப் போன பிறகு அவள் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "இசைகிட்ட இருந்து தகவல் உண்டாக்கா" என்று கேட்பாள். உன் மேல் எம்புட்டுப் பாசம் பார் என்று நான் பூரித்துப் போவேன். நல்லா இருக்கிறாள், பனி பெய்கிறதாம் என்று கதை சொல்லுவேன். அவள் கேட்டது மனு என்ன ஆச்சு என்று. இதைப் போன வியாழக்கிழமைதான் தெரிந்துகொண்டேன், நீ கேட்ட காகிதத்தைத் தம்பி அச்செடுத்துக் கொடுக்க, அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது.

போகாமல் இருந்திருக்கலாம். பெற்ற பாவத்துக்குப் போனேன். வீட்டில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன், முகம் தெரியாமல்தான் எடுத்திருக்கிறாள், உன்னைக் காப்பாற்றத்தான் முகத்தை எடுக்காமல் விட்டாளாம் என்று நீ சொன்னதையும் சொன்னேன். படத்தைக் காட்டச் சொன்னாள். தம்பி என் செல்லில் ஏற்றிக் கொடுத்திருந்ததைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "முகத்தையும் எடுத்திருந்தா நான் எதுக்கு நின்னேன்னு பாக்குறவுகளுக்குத் தெரிஞ்சிருக்குமேக்கா" என்றாள். அப்புறம் காகிதத்தை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு, என் கையிலேயே கொடுத்தாள். "கையெழுத்துத்தானக்கா, போடுறேன். இசைய வரச் சொல்லுங்க. அதே கொல்லையில, நான் நின்ன எடத்துல, நான் நின்ன மாதிரியே நிக்கட்டும். செல்லுல ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். முகத்த எடுக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. எடுத்து முடிச்சதும் போடுறேன்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மிளகாய் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள். என் மகளையா, வெளிநாட்டில் படிக்கிற பிள்ளையையா, அப்படி நிறுத்துவதா, ஊர் பார்க்குமே என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததை விழுங்கினேன். அவளும் ஒருத்திக்கு மகள்தான், அவள் அம்மா செத்துப் போய்விட்டாள் என்பதால் அவளுக்காக அப்படிக் கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அது இசையின் உடம்பு, அவளிடம்தான் கேட்க வேண்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். வருவாயா? வந்து நின்றாயானால் நீ செய்தது கலை என்று யார் முன்னாலும் நான் சொல்லுவேன், அய்யாதுரையிடமும் சொல்லுவேன், ஊர் சிரித்தாலும் உன் பக்கத்தில் நிற்பேன். நிற்க முடியாது, உடம்பு கூசுகிறது என்று உனக்குத் தோன்றினால் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கு, புத்தகத்திலிருந்து எடு. பரிசைத் திருப்பிக் கொடுப்பாயோ வைத்துக்கொள்வாயோ, அது உன் பாடு.

கையெழுத்து இல்லாத காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை, அவர் அந்தப் பேப்பரைச் சுவரில் தினமும் பார்க்கிறார். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை நனையாதே. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நல்லா இருக்க வேண்டும், உன் கைத்தொழில் உனக்குச் சோறு போட வேண்டும், ஆத்தாள் உன்னைக் கைவிடக் கூடாது, அதில் மாற்றம் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலை எனக்கு எழுதாதே, பானுவுக்கு எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
செ. இருளம்மாள்