தேக்கு மரமும் ஆறு இஞ்ச் ஸ்கேலும்

ஜனவரி 19, திங்கள்

இன்று சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனே என்னைப் பார்த்துச் சிரித்தது. பொங்கல் லீவில் ஆனைமலை தேசியப் பூங்காவுக்குப் போய் ராட்சத மரங்களைப் படம் எடுத்தேன். கேன்டீன் சுவரில் மாட்ட அதில் ஒன்றை மேனேஜர் கேட்டிருந்தார். நாற்பது படங்களையும் காட்டினேன்.

வேர், பட்டை, கணு என்று தனித்தனியாக எடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் என் ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது. பதினோரு வருடமாகக் கம்பெனியில் ரிஜெக்ட் ஆகும் இரும்பு வார்ப்புகளின் விரிசலைப் படம் எடுக்கிறேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, படத்துக்குக் கீழே 'ஸ்கேல்: ஆறு இஞ்ச்' என்று எழுத வேண்டும். ஸ்கேல் இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

"மரம் எங்க, கலாக்கா?" என்றாள் கூட வேலை பார்க்கும் நசீமா. "ரிஜெக்ட் பண்றதுக்கா எடுத்துக்கினு வந்தே?"

ஒரே பேஜாராகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினார்.

"நீ அளந்துக்கினு இருக்க சொல்லோ நானும் ஒண்ணு எடுத்தேன். இன்னா, தேறுமா பாரு."

வேரிலிருந்து உச்சி வரை முழுத் தேக்கு மரம். அடியில் எறும்பு மாதிரி நான். கையிலிருக்கும் ஸ்கேல் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் மரம் எவ்வளவு பெரியது என்பது பார்த்ததும் தெரிகிறது.

நாளை இதைத்தான் கொடுக்கப்போகிறேன். கீழே எழுத வேண்டியதையும் எழுதிவிட்டேன்.

ஸ்கேல்: கலா, ஐந்தடி.