இன்ஸ்டால் பண்ண ஒண்ணுமில்ல

போன வாரம் அலுவலக அலமாரியை ஒழித்தபோது உன் பழைய லேப்டாப் கிடைத்தது. தூக்கிப்போட மனமில்லாமல் சார்ஜரைச் செருகினேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு உயிர் வந்தது. அதில் நீ சேமித்து வைத்திருந்த நம் முதல் பாடப் பக்கத்தைத் திறந்தேன். வீடியோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ‘இதைப் பார்க்க ப்ளக்-இன் தேவை’ என்று அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு வரி.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. உனக்கும் வந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். டில்லியில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நீ. தமிழில் தேதி கிழிக்கும் காலண்டரைத் தவிர வேறெதையும் வாசித்ததில்லை. “எனக்கு எழுத்துக்கூட்டப் பொறுமை இல்லப்பா, நீயே படிச்சுக் காமி” என்பாய். அதனால் வாய்விட்டு வாசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஜனக்புரியில் மூன்று அறை வாடகை அலுவலகம் நம்முடையது. காது கேளாத குழந்தைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சைகை மொழி கற்றுத்தரும் வீடியோக்களை இணையத்தில் போடுவது வேலை. நம் எல்லோருக்கும் அக்காவான ரேகா தீதி கேமரா முன் நின்று பாடம் நடத்துவார். அவரும் பிறவியிலேயே காது கேளாதவர். நான் பாடத்துக்குப் பக்கத்தில் வரும் வாசகங்களை எழுதினேன். நீ அதையெல்லாம் திரையில் ஓட வைத்தாய்.

அந்நாளில் பிரவுசருக்குத் தானாக வீடியோ ஓட்டத் தெரியாது. எழுத்தைக் காட்டும், புகைப்படத்தைக் காட்டும். வீடியோ என்றால் ப்ளக்-இன் என்ற துணை மென்பொருளை அதன் முதுகில் ஏற்றிவிட வேண்டும். அதை வைத்துத்தான் நீ உன் பிளேயரைக் கட்டினாய். ரேகா தீதியின் கைகளைப் பாதி வேகத்தில் ஓட்டலாம், ஒரே சைகையைத் திரும்பத் திரும்பச் சுழலவிடலாம், விரல் மடங்கும் இடத்தில் சரியாக நிறுத்தலாம். வேறு ஊர்ப் பள்ளிகளிலிருந்தெல்லாம் அதைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் முன்னால் அலட்டிக்கொள்ளாத மாதிரி நீ நின்றதும், போன பிறகு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றியதும் எனக்குத்தான் தெரியும்.

திலக் நகரிலிருந்து அந்த அம்மாள் வந்தது ஒரு மழைக்காலப் பகலில். ஆறு வயது மகளைக் கையில் பிடித்திருந்தார். மகள் பாடம் பார்ப்பதற்கென்றே புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தார்கள். அதை உன்னிடம் நீட்டி, “நான் எதையோ தப்பா அழுத்திக் கெடுத்துட்டேன் போல, மகளே” என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். போனில் அதே சாம்பல் பெட்டி.

நீ ஒரு நொடிதான் பார்த்தாய். “நீங்க ஒண்ணும் கெடுக்கல ஆன்ட்டி. நான் பண்ணினது இதுல ஓடாது” என்றாய்.

“எதையாவது போட்டா ஓடுமா?”

“இந்த போன்ல அதைப் போடவே முடியாது.”

அந்தப் பெண் குழந்தை பெட்டியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பாடத்தைக் காட்டி அனுப்பினாய்.

மறுநாள் காலை வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், “பிளேயரைத் தூக்கிடப் போறேன். பிரவுசரே ஓட்டற மாதிரி எல்லாத்தையும் மாத்தறேன். ப்ளக்-இன் எல்லாம் இனி ரொம்ப நாள் தாங்காது” என்றாய்.

“பைத்தியமாடி உனக்கு? ஊரே பாத்து மெச்சற சாமான் அது. உன் கையாலயே உடைப்பியா?”

“வேற யாரு உடைப்பா? அதுல எந்த ஸ்க்ரூ எங்க இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்.”

நம் நிறுவனத்தின் இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போதுதான் பிரவுசர்கள் சொந்தமாக வீடியோ ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் பிடித்த கோப்பு வடிவம் இன்னொன்றுக்குப் பிடிக்காது. எல்லாப் பாடங்களையும் இரண்டு வடிவங்களில் செய்து வைக்க வேண்டும். “ஓடிட்டிருக்கறதை எதுக்கு நோண்டணும்? பாக்கறவங்க எல்லாரும் கம்ப்யூட்டர்லதானே பாக்கறாங்க?” என்றார்.

“சார், பாத்தவங்கதான் நம்ம கணக்குல வர்றாங்க. திறந்து பாத்துட்டு, வரலன்னு மூடிட்டுப் போனவங்க எந்தக் கணக்குலயும் இல்லையே” என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. அவர் அடுத்த பள்ளி ஆண்டு தொடங்கும்வரை நேரம் கொடுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அலுவலகக் கணினி ஓய்வில்லாமல் வீடியோக்களை மாற்றிக்கொண்டே இருந்தது. அது விட்ட சூட்டில் நமக்கு ஹீட்டரே தேவைப்படவில்லை. ரேகா தீதி தன் நாற்காலியை அதன் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார். ஒருவழியாக முதல் பாடம் ப்ளக்-இன் இல்லாமல் ஓடியது. நான் கைதட்டினேன். ரேகா தீதி அதைப் பாதி வேகத்தில் போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டி, கைகளால் சொன்னார்: “இது நான் சொன்ன வார்த்தை இல்லை.”

வேகத்தைக் குறைத்ததும் விரல்கள் புகை மாதிரி கலங்கின. ‘தண்ணீர்’ எது, ‘அம்மா’ எது என்று பிரிக்க முடியவில்லை. கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று நீ அதிகம் நசுக்கியிருந்தாய். நமக்கு அது வெறும் மங்கல்தான். அவருக்கு அது உளறல். நீ கோபத்தில் மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். பின்னாலேயே வந்தேன். வெயிலில் நின்று வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய்.

“விட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“எதை விடறது? அவங்க பேசறது அவங்களுக்கே புரியலங்கறாங்க. புரோகிராம்ல அதைவிடப் பெரிய பக் உண்டா?” மீதிக் கடலையை என் கையில் கொட்டினாய். “வா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

கேமராவில் பதிவான மூலக் கோப்புகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி மாற்றினாய். ரேகா தீதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாய். அவர் சரி என்று கட்டைவிரல் காட்டாமல் ஒன்றுகூட வெளியே போகவில்லை. அந்தச் சில மாதங்களில்தான் நாம் இருவரும் உண்மையில் சைகை மொழி கற்றோம். அதுவரை பாடம் தயாரித்துக்கொண்டிருந்தோமே தவிர, பேசியதில்லை.

பள்ளி திறக்கும் முன் திலக் நகர் அம்மாளை வரச்சொன்னாய். போனில் முகவரியைத் தட்டினார். ரேகா தீதி திரையில் வந்து வணக்கம் சொன்னார். குழந்தை போனைத் தாயிடமிருந்து பிடுங்கி, தானே வேகத்தைக் குறைத்து, ‘பறவை’ என்று சைகை செய்து பார்த்தது. தப்பு. மறுபடி ஓட்டியது. இந்தத் தடவை சரி.

“இதுக்கு என்ன இன்ஸ்டால் பண்ணணும், மகளே?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி. இன்ஸ்டால் பண்ண ஒண்ணுமே இல்ல” என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு நீ சொன்னபடியே நடந்தது. பிரவுசர்கள் ஒவ்வொன்றாக ப்ளக்-இன்னை ஓட்டலாமா என்று கேட்கத் தொடங்கின, பிறகு ஒதுக்கின, கடைசியில் வெளியே தள்ளின. எத்தனையோ தளங்களில் பாடங்கள் அப்படியே இருண்டுபோயின. எங்கெங்கிருந்தோ நமக்கு போன் வந்தது. வழி கேட்டவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். இயக்குநர் தன் செலவில் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார். உன்னிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. “அச்சா, சமோசாவே மன்னிப்புக் கடிதம்தான்” என்று எனக்குக் கையால் சொல்லிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டாய்.

நோய் உன்னைப் பிடித்தபோதும் நீ அதிகம் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டபின் உன்னால் பேச முடியவில்லை. உன் அண்ணா பேப்பரும் பேனாவுமாக நின்றார். நீ அதைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாய். ஊசி குத்திய கையால் பேசத் தொடங்கினாய்.

“என்ன சொல்றா? வலிக்குதாமா?” அண்ணா பதறினார்.

“இல்லண்ணா. ரேகா தீதியோட புது வீடியோல பின்னாடி சுவர் ரொம்ப வெளுப்பா இருக்காம். கை தெரியலையாம். மாத்தணுமாம்.”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். அன்று நாம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வார்டில் சத்தமே இல்லாமல் அத்தனை பேசியவர்கள் நாம் மட்டும்தான். உன் அண்ணாவுக்கு நான் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவில்லை. சிலது எனக்கு மட்டும்.

நீ போன பிறகு சுவருக்கு நீலம் அடித்தோம்.

காது கேளாதவர்கள் தங்களுக்கு நெருக்கமானவர்களுக்குச் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். ரேகா தீதி உனக்கு வைத்தது, மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. உன்னை நேரில் பார்த்திராதவர்களும் இன்று அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். நேற்று ஒரு புதுப் பையன் தான் செய்ததைக் காட்டினான். மிக அழகாக இருந்தது. ஆனால் புது போன்களில் மட்டும்தான் ஓடுமாம். ரேகா தீதி புருவத்தை உயர்த்தி ஒரு விரலால் மூக்குக்கண்ணாடியைத் தள்ளினார்: அவள் ஒப்புக்கொள்வாளா? நானும் தள்ளிவிட்டு, இல்லை என்று தலையாட்டினேன். அவன் ஒரு கணம் விழித்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் வேலையை முதலிலிருந்து தொடங்கினான்.

இந்த மடலில் எங்கும் உன் பெயரை நான் எழுதவில்லை, கவனித்தாயா? எனக்கு நீ அந்தப் பெயர்தான். அதற்கு எழுத்துக் கிடையாது. அது என் கையில் இருக்கிறது.