தண்ணீரில் அமுங்கிய படகு

13 ஆகஸ்ட் 1987, வியாழன்

“சார், இதுல என்னா தப்பு?” என்று செல்வி கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியனான என்னைக் கல்லூரியில் கூப்பிட்டதே, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரையச் சொல்லித்தரத்தான். கிராஃப் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பினால் திரையில் ஒரு புள்ளி. விளையாட்டில் படகு கடலுக்குப் போய் மீனோடு திரும்ப வேண்டும். மாணவர்கள் வரைந்ததில் ஒரே ஒரு படகுதான் திரைக்குப் போகும். செல்வி தன் படகை மற்றவர்களைவிட ஒரு கட்டம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தாள். சிவப்புப் பென்சிலால் ‘மூழ்குகிறது’ என்று எழுதி ஒதுக்கிவிட்டு, மாதிரிக்கு நானே ஒரு படகு வரைந்து காட்டினேன்.

அவள் விடவில்லை. “மூழ்கலைங்க சார், மீனோட வருது. எங்கப்பா திருவேட்டக்குடி கரைக்கு வர்றப்ப அம்மா தூரத்துலேருந்தே பாப்பாங்க. படகு மேல மெதந்து வந்தா கூடையத் தொடவே மாட்டாங்க.”

புரோகிராம் எழுதும் ரவி துள்ளி எழுந்தான். “அப்ப எத்தன மீனுன்னு திரையில எழுதவே வேணாம் சார்! படகு அமுங்குனா போதும்.” பிறகு என் படத்தைப் பார்த்தான். “சார் படகு காலியா வருது. சார் வீட்டுல இன்னிக்கிக் கத்திரிக்காதான்!”

வகுப்பே சிரித்தது, நானும்தான். செல்வியின் படகே திரைக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் நிஜமாகவே கத்திரிக்காய்க் குழம்பு. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் படங்களில் இப்படிச் சிவப்பில் எழுதி ஒதுக்கினேனோ. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. நாளை கிளம்பும்முன் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.