சொல்லிக் கொடுக்காதே

ஜூன் 16, திங்கள்

கணவாய்க் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் கிணற்றடியில். ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன், அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஹெச்.எம். போன். "லீவு முடியப்போகுதுங்க டீச்சர். மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வந்தாத்தான் வகுப்பில்லாத வேலைக்கு மாத்தலாம். இல்லீன்னா பழையபடி ரெண்டாங்கிளாஸ்தானுங்க."

மார்ச்சில் அந்த வகுப்பில்தான், ஒரு பையன் என்று நினைத்துத் தண்ணீர்க் குடத்தை அதட்டினேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

முன்னறையில் 'அவர்கள்' வந்தாயிற்று. பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள். பழைய யூனிபார்ம், சிவப்பு ரிப்பன். சத்தமே கிடையாது. கோயமுத்தூர் கண் டாக்டர் முன்பே சொன்னார்: பார்வை போகும்போது மூளை இப்படிப் படம் காட்டும், பயப்பட வேண்டாம். பயமில்லை. வீட்டுக்காரர் முகமே மங்கல். இவர்கள் ரிப்பன் முடிச்சு வரை தெளிவு.

ஜூன் 19, வியாழன்

மெடிக்கல் போர்டு. எழுத்து அட்டை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஏதோ. அதன் கீழே அதே பிள்ளைகள். தெரியலைங்க என்று வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைக்காரி உதட்டை அசைத்தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்களே, அப்படி. பழக்கதோஷம், நானும் கூடவே சொல்லிவிட்டேன். கடைசி வரி வரை.

"டீச்சர்க்கு காழ்ச்சை நல்லா உண்டல்லோ." பார்வை நன்றாக இருக்கிறதாம். மலையாள டாக்டர் பேனாவை மூடினார். சர்டிபிகேட் இல்லை.

பஸ்ஸில் வீட்டுக்காரர்: "தெரியாதத எதுக்கம்மிணி சொன்னே?"

போர்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் படித்தது காதில் விழுந்திருக்குமோ? அவருக்கு வைத்தது மலையாள அட்டை. எனக்குத் தமிழ்.

ஜூன் 20

வாங்க: கடுகு, பல்பு (எனக்கெதற்கு?), அப்பீலுக்கு போட்டோ. முன்னறைப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். அப்பீல் போர்டு. கிளம்புமுன் முன்னறையில் கண்டிப்பாகச் சொன்னேன்: யாராவது சொல்லிக் கொடுத்தால் வெளியே நிற்க வைப்பேன். வாயில் விரல்! எல்லோரும் வைத்தார்கள்.

அங்கேயும் வந்திருந்தார்கள், விரலை எடுக்காமல். ஓர் எழுத்தும் தெரியவில்லை. தெரியலைங்க, தெரியலைங்க. பொய்யில்லை. சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் சுகியன் வாங்கித் தந்தார்.

வீடு வந்ததும் விரலை எடுங்கள் என்றேன். எடுக்கவில்லை. கடைசி பெஞ்சு காலி. பார்க்கப் பார்க்க அதற்கு முந்தியதும். வெளியே நிற்க வைப்பேன் என்றது நான்தானே. அழுகை வந்தது.

"யாரும் வெளிய போகக் கூடாது!"

பால் வாங்கக் கிளம்பிய வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "செரி, நான் போகுலை அம்மிணி."

உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில்.