பின்னால் ஒருவர் வருவார்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? நான் நலம். எழுதிய பிறகு அது சரிதானா என்று யோசித்துப் பார்த்தேன். சரிதான், அடிக்க வேண்டியதில்லை.

வீட்டை விற்பதா வேண்டாமா என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய். வாங்க வந்தவர் எவ்வளவு காலம்தான் பொறுப்பார்? உன் அண்ணி போனபின் மகன் என்னை இந்தக் குளிர் தேசத்துக்கு அழைத்து வந்தபோது, பனிக்காலம் முடிந்ததும் திரும்பிவிடுவேன், அதுவரை எதையும் தொடாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். இந்த வீட்டில் நான் இடத்தை அடைக்கும் நாற்காலி என்றுதான் நினைத்திருந்தேன். மகனுக்கு வெளியூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். மருமகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவாள். நல்ல பெண், ஆனால் பேச்சு அளந்துதான் வரும். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் ஸ்பூன் சத்தம்தான் கேட்கும்.

பனி எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். முதலில் எனக்கு அது பயமாகத்தான் இருந்தது. விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு இவர்களுக்குப் பாரமாகிவிட்டால்? ஆனால் தெருக்கோடி நூலகத்துக்குப் போகாவிட்டால் எனக்குப் பொழுது நகராது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். நடைபாதைப் பனியில் எங்கள் வாசலிலிருந்து நூலகம் வரை மருமகளின் காலடிகள் பதிந்திருக்கும். பஸ்ஸுக்கு அந்த வழியாகப் போகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவள் விழாத இடத்தில் நான் ஏன் விழப்போகிறேன்? புதுப்பெண்ணைப் போலக் குனிந்த தலை நிமிராமல், அந்தப் பள்ளங்களிலேயே காலை வைத்துப் போவேன். அளவெடுத்த மாதிரி பொருந்தும்.

போன வாரம் ஒருநாள் அவளுக்கு லீவு. அது எனக்குத் தெரியாது. இரவு விழுந்த புதுப்பனியில் வாசலில் தடம் இருந்தது, கிளம்பிவிட்டேன். அன்றைக்குக் கால் எட்டவே இல்லை. ஒவ்வொரு அடியும் வாய்க்கால் தாண்டுகிற பாடாக இருந்தது. தடம் முடிந்த இடத்தில் நிமிர்ந்தால் நூலகத்தைக் காணோம். எதிரே ஏரி. கரையில் பக்கத்து வீட்டுக்காரர். நம் தமிழர்தான், இங்கே முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஆனால் தெருவே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறது. எங்களிடம் இரவல் வாங்கிய பனி வாரும் மண்வெட்டியை வாசலில் திருப்பி வைத்துவிட்டு மீன் பிடிக்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "என்ன சார், மீனைப் பிடிக்க வந்தீங்களா, என்னைப் பிடிக்க வந்தீங்களா?" என்றார்.

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன். ஏரி கரைக்குக் கரை உறைந்து கிடந்தது; தூண்டில் போட கேப்டன் துளைத்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெரிந்தது. வெள்ளை என்று நினைத்திருந்தது வெள்ளையே இல்லை. நிழல் விழுந்த இடம் நீலம், வெயில் பட்ட இடம் லேசான ரோஜா. இலை இல்லாத மரங்களில் ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்று நுனிவரை தெரிந்தது. சர்வே ஆபீசில் அத்தனை காலம் வரைபடம் போட்டேன், அப்படி ஒரு மெல்லிய கோடு என் கைக்கு வந்ததே இல்லை. பனிக்கட்டிக்கு அடியில் எங்கோ 'டும்' என்றது. பதறிவிட்டேன். "பயப்படாதீங்க, ஏரி சோம்பல் முறிக்குது," என்றார் கேப்டன். "தரையையே பாத்து நடக்குறீங்களே, அங்க எதைத் தொலைச்சீங்க?" என்று உன் அண்ணி கேலி செய்வாளே, அது நினைவு வந்தது. அவள் போனபிறகு அவள் நினைவு வந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தடம் மாறி வந்த கதையைச் சொல்லி, மருமகள் காலடி என்றால் சுலபமாக இருக்கும் என்றேன். கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் பொண்ணு நடக்கிற வேகத்துக்கு நான் ஓடணும் சார். காலையில மட்டும் லைப்ரரி வரைக்கும் பொம்மை மாதிரி குட்டிக் குட்டியா அடி வச்சுப் போகுது. அப்புறம் ரோட்டு வழியா திரும்பி வந்து, அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு ஓடுது. கால்ல அடியாம்மான்னு கேட்டேன். இல்ல அங்கிள், பின்னாடி ஒருத்தர் வருவாருன்னுச்சு."

பஸ் ஸ்டாப் எதிர்த்திசையில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் திசை குறித்தவனுக்கு இது தெரியவில்லை.

அவளிடம் நன்றி சொல்ல வேண்டும். மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு மறுநாள் காலை சீக்கிரமே எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால், "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி இல்ல?" என்றுதான் வந்தது. "ஆமா மாமா, குல்லா போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவ்வளவு உயரமான பெண், குழந்தை மாதிரி அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆகவே, அம்மா, வீட்டை வாங்க வந்தவருக்கே கொடுத்துவிடு. சாமான்களை உன் இஷ்டப்படி செய். ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். அலமாரி மேல்தட்டில் உன் அண்ணியின் அரக்குக் கம்பளிச் சால்வை இருக்கும். எடுக்கட்டுமா என்று நீ கேட்டபோது, கை வைக்காதே என்று கோபித்துக்கொண்டேனே, அதேதான். பாச்சை உருண்டை வாசனை போக ஒருநாள் வெயிலில் போட்டு அனுப்பு. பார்சலில் என் பெயர் வேண்டாம், மருமகள் பெயரையே எழுது. என் கையால் கொடுக்க வேண்டியிருந்தால், மறுபடியும் குளிரைப் பற்றித்தான் பேசுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள். பனி கரைவதற்குள் அது வந்து சேர வேண்டும்.

உன் அண்ணன்